நடு வகிடு எடுத்த ஹெல்மெட்

அத்தியாயம் 6

மேஜை மேல் இரண்டு ஹெல்மெட்கள் உட்கார்ந்திருந்தன. ஒன்று இன்னும் கடைக்கே போகாதது. இன்னொன்று திங்கட்கிழமை முதல் ஊரில் உள்ள எல்லாக் கடைகளிலும் தொங்குவது. முதலாவதைச் செய்தது இந்தக் கம்பெனி, இரண்டாவதைச் செய்தது எதிர்க் கம்பெனி. ஆனால் இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தது போல இருந்தன. அதுதான் வம்பு.

“அச்சு அசல் என் ஹெல்மெட்” என்றார் முதலாளி. “திருடிக் குடுத்தது யாருன்னு நான் சொல்லத் தேவையில்ல. எதிர்லயே உட்கார்ந்திருக்கு.”

எதிரில் உட்கார்ந்திருந்தது அந்த ஹெல்மெட்டைக் கம்ப்யூட்டரில் வடிவமைத்த டிசைனர். எட்டு வருடமாக இங்கே வேலை. இன்று வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்து வந்தவள் போல உட்கார்ந்திருந்தாள்.

அவளுடைய தம்பி சுவர் ஓரமாக நின்றிருந்தான். அவனை எல்லோரும் வால் என்று கூப்பிடுவார்கள். சர்வேயர் மேடத்தின் பின்னாலேயே போவதால் வந்த பெயர் என்று அவன் சொல்லிக்கொள்வான். மற்றவர்கள் வேறு காரணம் சொல்வார்கள். எந்தக் கேஸிலும் முதல் ஜோக் அவனுடையதாக இருக்கும். இன்று குற்றவாளி நாற்காலியில் சொந்த அக்கா உட்கார்ந்திருந்ததால் இதுவரை ஒன்று கூட வரவில்லை.

சர்வேயர் மேடம் இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக மோதின வண்டிகளைப் பார்த்தவர். கார் கதவின் நசுங்கலைப் பார்த்தே ஓட்டினது புருஷனா மச்சானா என்று சொல்லிவிடுவார் என்று பேச்சு உண்டு. இப்போது துப்பறிகிறார். நசுங்கின வண்டிகளை விட நசுங்கின மனிதர்கள் அதிகம் பொய் சொல்வதால் வேலை சுவாரசியமாக இருக்கிறதாம். அக்காவுக்காக இன்று அவரை இங்கே கூட்டி வந்தது வால்தான்.

“ஃபைல் யார்கிட்ட இருந்துச்சு சார்?” என்று கேட்டார் மேடம்.

“இந்தப் பொண்ணுகிட்ட மட்டும்தான். பாஸ்வேர்டு அதுக்குத்தான் தெரியும்.”

“உங்களுக்கு?”

“எனக்கா? எனக்குக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணவே தெரியாது மேடம்.”

“இந்த சாம்பிள் ஹெல்மெட் எங்க இருந்துச்சு?”

“செஞ்சதே ஒண்ணுதான். எட்டு மாசமா என் பீரோவுல பூட்டி இருக்கு. எப்ப சந்தைக்கு விடலாம்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். அதுக்குள்ள அவன் விட்டுட்டான்.” முதலாளி ஒரு காகிதக் கட்டைத் தட்டினார். “ஹெல்மெட், பெட்டி, பக்கெட்டுன்னு பிளாஸ்டிக் தொழில்ல இருக்கற பதினாலு கம்பெனிக்கும் லெட்டர் அடிச்சாச்சு. இவளை நம்பி வேலை குடுக்காதீங்கன்னு. சாயங்காலம் நாலு மணிக்குப் போயிடும்.”

மணி பதினொன்று. அக்காவுக்கு இந்த ஒரு தொழில்தான் தெரியும். அந்த லெட்டர் போனால் அவள் இனிமேல் ஒரு சோப்பு டப்பா கூட வரைய முடியாது.

மேடம் இரண்டு ஹெல்மெட்களின் உச்சியிலும் விரலை ஓட்டினார். “வால், நீ தடவிப் பாரு.”

வால் தடவினான். அக்காவின் ஹெல்மெட் வழுவழுவென்று இருந்தது. எதிர்க் கம்பெனி ஹெல்மெட்டில் நெற்றியிலிருந்து பின்மண்டை வரை நூல் போல ஒரு மேடு தட்டுப்பட்டது.

“நடு வகிடு எடுத்திருக்கு மேடம். எண்ணெய் மட்டும் தடவல.”

ஹெல்மெட் வந்த அட்டைப் பெட்டியில் அதையே பெருமையாகப் போட்டிருந்தார்கள்: ‘காற்றைக் கிழிக்கும் கோடு.’

முதலாளி அந்த ஹெல்மெட்டைப் பிடுங்குவது போல வாங்கினார். தலைக்கு மேல் எரிந்த டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கி மெதுவாகச் சாய்த்துப் பார்த்தார். வெளிச்சக் கோடு ஹெல்மெட் மேல் வழுக்கிக்கொண்டே வந்து நடுவில் லேசாக உடைந்தது. அவர் முகம் சுண்டிப்போனது. தன் வழுக்கைத் தலை அதில் எப்படித் தெரிகிறது என்று பார்க்கிறார் போல என்று வால் நினைத்துக்கொண்டான்.

அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தாள். “சார், என் டிசைன்ல நடுவுல ஒட்டே கிடையாது. உச்சி முழுக்க ஒரே துணி மாதிரி போர்த்தி இருக்கேன். இந்த மேடு என் ஃபைல்ல வர வழியே இல்ல.”

“மாட்டிக்கக் கூடாதுன்னு நீயே ஒரு கோடு சேர்த்துக் குடுத்திருப்ப” என்றார் முதலாளி.

“இந்த மாதிரி மேடு யாரோட வேலைல வரும்?” என்று மேடம் அக்காவிடம் கேட்டார்.

“கத்துக்கறவங்க வேலைல. பழகினவங்க யாரும் இதைச் செய்ய மாட்டாங்க. கத்துக்கறவங்க எல்லாரும் ஒரு தடவையாவது செய்வாங்க.”

“எங்க கத்துக்கறாங்க?”

“வளைஞ்ச பொருளைக் கம்ப்யூட்டர்ல வரையற சர்ஃபேஸ் மாடலிங் சொல்லிக் குடுக்கற இடம் ஊர்லயே ஒண்ணுதான். பல் ஆஸ்பத்திரி மாடில.”

மேடம் எதிர்க் கம்பெனி ஹெல்மெட்டை எடுத்து வாலின் தலையில் கவிழ்த்தார். “வண்டியை எடு. உனக்கு அட்மிஷன் போட்டுடலாம்.”

*

பல் ஆஸ்பத்திரி மாடியில் ஆறு கம்ப்யூட்டர்கள், ஆறு மாணவர்கள், ஒரு வாத்தியார். கீழே இருந்து அவ்வப்போது பல் குடைகிற மெஷின் சத்தம் வந்தது. வகுப்பில் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஏழாவது நாற்காலியில் வால் உட்கார வைக்கப்பட்டான். மத்தியானம் இரண்டு மணிக்கு, ஒரு மணி நேரம் இலவச வகுப்பு. மேடம் வாசலில் நின்றுகொண்டார், பிள்ளையைப் பள்ளியில் விட வந்த தாய் போல.

வாத்தியார் ஒல்லியானவர். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஸ்பூன் இருந்தது.

“களிமண்ணை உருட்டி, வெட்டி, குடைஞ்சு செய்யறது ஒரு முறை. பெட்டி, நட்டு, போல்ட்டுக்கு அது போதும்” என்றார் வாத்தியார். “ஆனா இந்த ஸ்பூனை அப்படிச் செய்ய முடியாது. இதுல நேர்க்கோடே இல்ல பாருங்க. இதுக்கு முதல்ல காத்துல நாலு வளைவு வரையணும், அதுக்கு நடுவுல தோலை இழுத்துப் போர்த்தணும், ஓரத்தை ஓரத்தோட தைக்கணும். தையல்ல சின்ன ஓட்டை இருந்தாலும் வேலைக்கு ஆகாது. எங்க, ஒரு ஷாம்பு பாட்டில் செய்யுங்க.”

வால் செய்தான். கால் மணி நேரம் கழித்து வாத்தியார் வந்து திரையைப் பார்த்தார்.

“இது என்ன தம்பி?”

“பாட்டில்தான் சார். மேல பஸ் ஏறினதுக்கு அப்புறம்.”

வாத்தியார் சிரிக்கவில்லை. இருபது வருடத்தில் இதைவிட மோசமான பாட்டில்களைப் பார்த்தவர். “முழுசா செய்ய வேண்டாம். பாதி செய்யுங்க. மீதியைக் கண்ணாடியில தெரியற மாதிரி அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கலாம். ஒரு பட்டன்தான்.”

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு பாடம் சோம்பேறிகளை மனதில் வைத்து எழுதப்பட்டிருக்கிறது என்று வால் மகிழ்ந்துபோனான். பாதி பாட்டிலை வரைந்து பட்டனை அழுத்தினான். மீதிப் பாதி தானாக வந்து ஒட்டிக்கொண்டது. வாத்தியார் இன்னொரு பட்டனைத் தட்டினார். பாட்டில் முழுக்கக் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் விழுந்தன. இரண்டு பாதியும் சேர்கிற இடத்தில் பட்டைகள் எல்லாம் மொத்தமாக மடங்கி நின்றன.

“வரிக்குதிரைக்கு முதுகெலும்பு உடைஞ்சிருச்சு” என்றார் வாத்தியார். “வளைவு நடுக்கோட்டுக்கு வரும்போது கண்ணாடியில நேரா போய் முட்டணும். நீங்க சாய்ச்சு முட்ட விட்டுட்டீங்க. அந்தப் பக்கமும் அதே சாய்வு. ரெண்டும் சேர்ந்தா வீட்டுக் கூரை மாதிரி நடுவுல மேடு வரும். கவலைப்படாதீங்க. எல்லாரும் ஏழாவது வாரம் இதைச் செய்வாங்க, நீங்க முதல் மணி நேரத்துலயே செஞ்சுட்டீங்க.”

“எங்க குடும்பத்துல எல்லாருமே வேகம் சார்” என்றான் வால். ஆனால் அவன் பார்வை மடியில் இருந்த ஹெல்மெட்டுக்குப் போய்விட்டது. அக்கா சொன்னது சரிதான். இது கத்துக்குட்டி வேலை.

“கம்ப்யூட்டர் இல்லாத இடத்துல இந்த மேட்டை எப்படிக் கண்டுபிடிப்போம்?” என்று வாத்தியார் வகுப்பைப் பார்த்துக் கேட்டார்.

ஆறு மாணவர்களும் கைக்குக் கிடைத்ததை எடுத்தார்கள். தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா, ஃபோன். ஆறு பேரும் அதை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கி மெதுவாகச் சாய்த்தார்கள். ஆறு வெளிச்சக் கோடுகள் ஒன்றாக வழுக்கின. வாசலில் நின்ற மேடம் கையில் இருந்த டீயைக் குடிக்க மறந்து நின்றார்.

வகுப்பு முடிந்ததும் மேடம் உள்ளே வந்து விஷயத்தைச் சொன்னார்.

“அந்த ஹெல்மெட் கம்பெனியா?” என்றார் வாத்தியார். “அங்கிருந்து ஒருத்தங்க இங்க படிச்சாங்களே. பொண்ணு. நல்லா ஞாபகம் இருக்கு.”

அது அக்காதான் என்று வாலுக்குப் புரிந்தது. அக்கா இங்கே படித்தவள் என்பது அவனுக்குத் தெரியாது.

“எட்டு வருஷம் முன்னாடி. மூணாவது வாரமே என் பாடத்துல தப்பு கண்டுபிடிச்சுது. பாதி செஞ்சு திருப்பிப் போடறதே மட்டமான வழி, உச்சியை முழுசா போர்த்தினா மேடே வராதுன்னுச்சு. ஒரு வாரம் அதுகூட நான் பேசல. அப்புறம் பாத்தா அதுதான் சரி. புதுசா வர்றவங்களுக்கு அது கஷ்டம்னுதான் இன்னும் பாதி வழியைச் சொல்லித் தரேன்.”

வாலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்கா அன்றைக்கே வாத்தியாரைத் திருத்தியவள். அவள் கை இந்தத் தப்பைச் செய்யாது.

“மாணவங்க செய்யற பயிற்சி எல்லாம் எங்க இருக்கும்?” என்று கேட்டார் மேடம்.

“பொது ஃபோல்டர்ல. யார் வேணா யாரோடதையும் திறந்து பார்க்கலாம். ஒருத்தர் தப்புல இன்னொருத்தர் கத்துக்கட்டும்னு நான்தான் அப்படி வெச்சேன்.”

மேடம் தேடச் சொன்னார். நாலு மாதத்துக்கு முந்தைய பயிற்சிகளில், காலை ஆறரை மணி பேட்ச், ஏழாவது வாரம் என்ற இடத்தில் ஒரு ஹெல்மெட் இருந்தது. வாத்தியார் அதைத் திறந்து பட்டைகளைப் போட்டார். நடுவில் முதுகெலும்பு உடைந்த வரிக்குதிரை. வால் தன் ஹெல்மெட்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தான். காதுப் பக்கத்துக் கோணல் முதற்கொண்டு ஒன்றுதான்.

“அந்த பேட்ச்ல நாலு பேர்” என்றார் வாத்தியார். “அதுல ஒரு கண்ணாடி போட்ட பையன் ஏழாவது வாரத்தோட நின்னுட்டான். எதிர்க் கம்பெனியில வேலை பாக்கறவன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.”

“மாட்டிக்கிட்டான்” என்று வால் எழுந்தேவிட்டான்.

“உட்காரு” என்றார் மேடம். “அவன் எடுத்துட்டுப் போனவன். இதைச் செஞ்சு இங்க போட்டது யாரு?”

“அந்தப் பையனோட பக்கத்து சீட்காரர். தங்கமான மனுஷன்” என்றார் வாத்தியார். “ரிட்டயர் ஆனவராம். வாக்கிங் போற ஷூவோட வருவார். ஒரு நாள் கூட லீவு போட்டதில்ல, நேத்து கூட வந்தார். இந்த ஹெல்மெட்டைப் பாத்து அந்தப் பையன் ‘பிரமாதம் சார்’னு ஒரு வார்த்தை சொன்னான். மறுநாள் வகுப்பு முழுக்க பிஸ்கட் வாங்கிட்டு வந்துட்டார்.”

“தலையில தொப்பி போட்டிருப்பாரா?”

“ஆமா. கழட்டி நான் பார்த்ததே இல்ல. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

மேடம் பதில் சொல்லாமல் அந்த ஃபைலை ஒரு பென் டிரைவில் வாங்கிக்கொண்டார். படியில் இறங்கும்போது வால் மூன்று தடவை “யார் மேடம்?” என்று கேட்டான். மூன்று தடவையும் “பாத்து இறங்கு” என்ற பதில்தான் கிடைத்தது.

*

அவர்கள் திரும்பி வந்தபோது மணி மூன்று நாற்பது. முதலாளி ஒன்பதாவது லெட்டரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா அதே நாற்காலியில் அப்படியே இருந்தாள்.

மேடம் அக்காவின் லேப்டாப்பை முதலாளி மேஜையில் வைத்து, அந்தப் பயிற்சி ஹெல்மெட்டைத் திரையில் திறந்தார். பேனா நின்றது.

“எதிர்க் கம்பெனிக்குப் போனது இந்த ஃபைல்தான் சார். போட்டவன் பேர் கிடைக்கல” என்றார் மேடம். “ஆனா எப்படிப்பட்ட ஆளுன்னு தெரிஞ்சுபோச்சு. சுத்த மண்டு. வால், நீதான் ஒரு மணி நேரம் படிச்சவன் ஆச்சே, நீயே சொல்லு.”

மேஜைக்கு அடியில் மேடத்தின் செருப்பு வாலின் காலை மிதித்தது. காரணம் புரியாவிட்டாலும் அந்த மிதியின் பொருள் வாலுக்குத் தெரியும். அக்கா முன்னால் அடக்கி வைத்த வாயை முழுசாகத் திறந்துவிட்டான்.

“நெத்தியப் பாருங்க மேடம், இஸ்திரிப் பெட்டி மாதிரி இருக்கு. காதுகிட்ட பஞ்சர் ஒட்டின டயர். இதைப் போட்டுக்கிட்டு விழுந்தா அடிபட்டவனை விட்டுட்டு எல்லாரும் ஹெல்மெட்டைப் பாத்துத்தான் அழுவாங்க.”

முதலாளியின் காது மடல்கள் சிவந்தன. பேனா மூடியைத் திருகித் திருகித் திறந்தார், மூடினார்.

“இந்த வகிடு ஒண்ணு போதாதா” என்றார் மேடம். “ஏழு வாரம் ஒருத்தன் காலங்காத்தால எழுந்து படிச்சிருக்கான். நேரா முட்டணும்ங்கற அரிச்சுவடி கூட ஏறல. இவனுக்கு எல்லாம் எதுக்குப் படிப்பு?”

“அப்போ அந்தப் பாடமே நடத்தலைங்க” என்று வெடித்தார் முதலாளி. “ஒன்பதாவது வாரம்தான் நடத்தினார். அதுக்கப்புறம் ஒரு தடவை கூட நான் அந்தத் தப்பைச் செய்யல.”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே கேட்டது. வால் வாயைப் பிளந்தவன் மூடவில்லை.

“பொருளை டியூப்லைட்டுல அப்படிச் சாய்ச்சுப் பாக்கறவங்க மூணே வகைதான் சார்” என்றார் மேடம் சாந்தமாக. “கார் டிங்கரிங் பண்றவங்க, என்னை மாதிரி சர்வேயர், அந்த வாத்தியார்கிட்ட படிச்சவங்க. நீங்க முதல் ரெண்டும் இல்ல. பீரோ சாவியும் உங்ககிட்டதான். சாம்பிள் ஹெல்மெட்டைப் பக்கத்துல வெச்சுப் பாத்துப் பாத்து வரைஞ்சிருக்கீங்க. இந்தத் தலையை அங்க யாரும் அடையாளம் கண்டுடக் கூடாதுன்னு ஒரு தொப்பி.”

முதலாளி வழுக்கையைத் தடவிக்கொண்டார். யாரையும் பார்க்காமல் மேஜையைப் பார்த்துப் பேசினார்.

“எட்டு வருஷமா மீட்டிங்ல இந்தப் பொண்ணு பேசும், நான் தலையாட்டுவேன். ஒரு வார்த்தை புரியாது. என் கம்பெனி, என் பொருள், எனக்கே புரியல. இந்த வயசுல இதுகிட்டப் போய் என்னன்னு கேக்க வெக்கமா இருந்துச்சு. வீட்டுல வாக்கிங்னு சொல்லிட்டுப் போய்ப் படிச்சேன். வீட்டுப்பாடத்துக்கு வேற எதை வரையறது, எனக்குத் தெரிஞ்ச அழகான பொருள் அது ஒண்ணுதான்.”

வாலுக்கு அவர் மேல் பாவமாகக்கூட இருந்தது. தொப்பியும் ஷூவுமாக இந்த மனிதர் ஆறரை மணிக்கு மாடிப்படி ஏறுவதை நினைத்துப் பார்த்தான். அப்புறம் கையெழுத்துப் போட்ட லெட்டர்களும் கண்ணில் பட்டன. பாவம் போய்விட்டது.

அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “எப்ப தெரிஞ்சுது சார், அது உங்க ஃபைல்னு?”

முதலாளி பேனாவை மூடி வைத்தார். “திங்கட்கிழமை. கடையில எடுத்துச் சாய்ச்சுப் பாத்த உடனே.”

“இன்னிக்கு வியாழக்கிழமை.”

“ஆமாம்மா.”

“நீங்க படிச்சது தப்பே இல்ல. கைதவறிப் போனது கூடப் போகட்டும்” என்றாள் அக்கா. “நான் செய்யலன்னு தெரிஞ்சும் மூணு நாள் என்னை இந்த நாற்காலியில உட்கார வெச்சீங்களே. அதைத்தான் என்னால தாங்க முடியல.”

முதலாளி லெட்டர் கட்டை எடுத்துக் குறுக்காகக் கிழித்தார். பதினாலும் ஒரே தடவையில் கிழியவில்லை, இரண்டு மூன்று தடவை முயற்சி செய்தார்.

“கிழிச்சா போதாது சார்” என்றாள் அக்கா. “கீழ வாங்க.”

*

கீழே அச்சு வார்க்கும் கூடத்தில் நாற்பது பேர் வேலை பார்த்தார்கள். முதலாளி இறங்கி வந்து கையைக் காட்டவும் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசி மெஷினும் நின்ற பிறகு, அங்கே எப்போதும் இல்லாத ஓர் அமைதி. பின்னால் அக்கா, அவளுக்குப் பின்னால் மேடம், கடைசியில் வால்.

“டிசைன் வெளிய போனதுக்கு இவங்க காரணம் இல்ல” என்றார் முதலாளி. “நான்தான். வகுப்புக்குப் போய்ப் படிச்சேன். அங்க வெச்சுத் தொலைச்சேன். தெரிஞ்சும் சொல்லல.”

மெஷின் வெடித்தாலும் பதறாதவர்கள், இப்போது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

பெயின்ட் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு அம்மாள், முகத்தில் கட்டியிருந்த துணியை இறக்கிவிட்டுக் கேட்டார். “அப்ப நாங்க செஞ்சதுக்கு என்ன சார்? மூணு நாளா மத்தியானம் இவங்க பெஞ்சுல நாங்க யாரும் உட்காரல. தனியா உட்கார்ந்து சாப்பிட்டாங்க. இதுக்கு யாரு சார் மன்னிப்பு கேக்கறது?”

மூன்று நாளும் கண்ணில் ஒரு சொட்டு வராமல் உட்கார்ந்திருந்த அக்கா, அந்தக் கேள்விக்கு அழுதுவிட்டாள். வால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தான். ஒன்றும் வரவில்லை. அக்காவின் கைப்பையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டான். அவளுக்கு முகம் துடைக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

“நாளைக்கு வருவியாம்மா?” என்று முதலாளி மெதுவாகக் கேட்டார்.

“உங்களுக்கு இப்ப பதில் சொல்ல முடியாது சார். யோசிக்கணும்.” அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்த அம்மாள் பக்கம் திரும்பினாள். “உங்களுக்குச் சொல்றேன்க்கா. மன்னிப்பு எல்லாம் வேண்டாம். நாளைக்கு மத்தியானம் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க, போதும்.”

அந்த அம்மாள் நாளை வரைக்கும் காத்திருக்கவில்லை. பெயின்ட் படிந்த கையுறைகளைக் கழற்றி வைத்தார், சுவர் ஓரப் பெஞ்சில் போய் உட்கார்ந்து ஒரு ஆள் அளவுக்கு நகர்ந்தார், பக்கத்து இடத்தைக் கையால் தட்டினார்.